முப்பது நொடிக் கூரை

1989 மார்ச் மாதம், ஜெனீவா மோட்டார் கண்காட்சி. மெர்சிடிஸ்-பென்ஸ் அங்கே அறிமுகப்படுத்திய புதிய எஸ்எல் காரின் கூரையைத் திறக்க ஓட்டுநர் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: இருக்கையில் உட்கார்ந்தபடியே ஒரு ஸ்விட்ச்சைப் பிடித்திருக்க வேண்டும். பக்கக் கண்ணாடிகள் தாமாக இறங்கும். முன்கண்ணாடிச் சட்டத்தைக் கவ்வியிருந்த கொக்கிகள் விடுபடும். இருக்கைகளுக்குப் பின்னால் உலோக மூடி ஒன்று நிமிர்ந்து வாய் திறக்கும். துணிக் கூரை மடிந்து அதற்குள் போய்ப் படுக்கும். மூடி மறுபடி சாத்திக்கொள்ளும். எல்லாம் முப்பது நொடிக்குள் முடிந்து, தலைக்கு மேலே வானம் இருக்கும்.

இதற்கு முந்தைய எஸ்எல் 1971-இல் வந்தது. பதினெட்டு ஆண்டுகளில் 2,37,287 வண்டிகள் தயாராயின. அதில் கூரையைக் கையால்தான் மடித்து வைக்க வேண்டும். பட்டு உடையோடு விருந்துக்குப் போகிறவரும் இறங்கி நின்று மூடியைத் தூக்கி, துணியைச் சரிசெய்து, திரும்ப அமுக்கிப் பூட்டியாக வேண்டும். ஆர்129 என்று கம்பெனிக்குள் அழைக்கப்பட்ட புதிய கார் அந்த உழைப்பை எடுத்துவிட்டது. உடைமையாளரின் கைக்கும் இயந்திரத்துக்கும் இருந்த கடைசித் தொடர்பும் அதோடு போயிற்று என்பதை அன்று யாரும் ஒரு குறையாக நினைத்திருக்கமாட்டார்கள். பணம் கொடுத்தவர்கள் அதைத்தான் விரும்பினார்கள்.

இந்த வண்டியின் வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவர் புரூனோ சாக்கோ. இத்தாலியின் ஊதினே நகரில் 1933-இல் பிறந்து, மெர்சிடிஸின் தலைமை வடிவமைப்பாளராக உயர்ந்தவர், 2024-இல் காலமானார். ஒரு கார் அடுத்த மாடல் வந்ததும் பழசாகத் தோன்றக் கூடாது, தெருவில் பல பத்தாண்டுகள் நின்றாலும் பார்க்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான கொள்கை. ஆர்129-ஐ இன்று பக்கவாட்டில் நின்று பார்த்தால் அவர் சொன்னது எவ்வளவு சரி என்று புரியும். நீண்ட பானெட், தாழ்ந்த இடுப்புக் கோடு, சற்றே சரிந்த முன்கண்ணாடி. தேவையில்லாத மடிப்பு ஒன்றுகூட இல்லை. அண்மையில் தயாரான பல கார்கள் இதன் பக்கத்தில் அதிக நகை போட்டவை மாதிரித் தெரிகின்றன.

அழகைத் தாண்டி இதில் ஒரு பெரிய பொறியியல் கேள்விக்கும் பதில் இருந்தது. திறந்த கார் கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர் தலைக்கு என்ன பாதுகாப்பு? 1970-களில் அமெரிக்காவில் இந்தக் கேள்வி அந்த வகைக் கார்களையே சந்தையைவிட்டு விரட்டிவிடும் நிலை வந்தது. கடுமையான விதிகள் வரப்போகின்றன என்ற அச்சத்தில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக விலகின. 1976-ஆம் ஆண்டின் காடிலாக் எல்டொராடோவைக் கடைசி அமெரிக்க கன்வெர்டிபிள் என்றே சொல்லி விற்றார்கள். 1982-இல் க்ரைஸ்லர் மறுபடி கொண்டுவரும்வரை அமெரிக்கக் கம்பெனிகளின் வரிசையில் அந்த இடம் காலியாகவே கிடந்தது.

தலைக்குப் பின்னால் ஒரு நிலையான இரும்பு வளைவை நிறுத்திவிட்டால் பாதுகாப்பு கிடைக்கும், அழகு கெடும். ஆர்129-இன் பொறியாளர்கள் அந்த வளைவை மடக்கி இருக்கைக்குப் பின்னால் படுக்க வைத்தார்கள். வண்டி கவிழப்போகிறது என்று உணரிகள் கண்டால் அது 0.3 நொடியில் நிமிர்ந்து நின்றுவிடும். சீட் பெல்ட்டின் முழு இழுவையையும் இருக்கையே தாங்கும்படி அதன் சட்டத்தை மக்னீசிய உலோகத்தில் வார்த்தார்கள். திறந்த காரில் பின்பக்கமிருந்து சுழன்று வந்து கழுத்தில் அறையும் காற்றைத் தடுக்க, சட்டத்தில் கட்டிய மெல்லிய வலை ஒன்றை இந்த வளைவில் மாட்டும்படி செய்தார்கள். இன்று எத்தனையோ திறந்த கார்களில் காணும் அந்த வலை, இந்த வண்டியோடு பரவிய பழக்கம்.

இத்தனை பொறியியலும் சேர்ந்த பொருளுக்கு அன்று நிலவிய கிராக்கியை இப்போது நம்புவது கடினம். ஜெர்மனியின் வடக்கே பிரெமன் ஆலையில் தயாரான வண்டிகள் போதவில்லை. பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். கார் கைக்கு வருவதற்கு முன்பே, அதை வாங்கும் ஒப்பந்தத் தாளை லாபத்துக்குக் கைமாற்றி விற்றவர்கள் இருந்தார்கள். அமெரிக்காவில் ஐந்து லிட்டர் வி-8 எஞ்சின் வைத்த 500எஸ்எல்லின் விலை 80 ஆயிரம் டாலரைத் தாண்டியது. 1991-இல் இளவரசி டயானா சிவப்பு 500எஸ்எல் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டினார். பிரிட்டிஷ் அரச குடும்பத்தில் ஒருவர் ஜெர்மன் கார் ஓட்டுவதா என்று எதிர்ப்பு கிளம்பி, மறு ஆண்டே அதைத் திருப்பிக் கொடுத்தார். அந்த வண்டி பிற்பாடு ஸ்டுட்கார்ட்டில் உள்ள கம்பெனியின் அருங்காட்சியகத்தை அடைந்தது.

அன்றைய உடைமையாளருக்கு இந்தக் காரின் உள்விவரம் எதுவும் தெரிய வேண்டியதில்லை. டிக்கிக்குள் ஒரு ஹைட்ராலிக் பம்ப் ஒளிந்திருப்பதோ, அதிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட சிறு சிலிண்டர்களுக்கு எண்ணெய்க் குழாய்கள் ஓடுவதோ, ஒவ்வோர் அசைவும் முடிந்ததா என்று பார்த்துச் சொல்ல அங்கங்கே ஸ்விட்ச்சுகள் உட்கார்ந்திருப்பதோ அவர் கவலை இல்லை. சர்வீஸ் நாள் வந்தால் கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு மாற்று வண்டியில் ஆபீஸுக்குப் போவார். மாலையில் கழுவித் துடைத்த கார் வந்து நிற்கும். பில்லைச் செயலாளர் பார்த்துக்கொள்வார். எதையும் தெரிந்துகொள்ளத் தேவையில்லாமல் இருப்பதே அன்று சொகுசு.

2001-இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் 2,04,940 வண்டிகள் ஆகியிருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் இவற்றின் விலை படிப்படியாக இறங்கியது. முதல் சொந்தக்காரர் புதிய மாடலுக்குத் தாவினார். இரண்டாமவர் ஓரளவு பார்த்துக்கொண்டார். மூன்றாமவர் குறைந்த விலையைப் பார்த்து வாங்கிவிட்டு, முதல் பெரிய பழுதுக்கான மதிப்பீட்டைக் கண்டதும் மூலையில் நிறுத்தினார். நல்ல கார்கள் பல இந்த மூன்றாம் கையில்தான் அழிந்தன. இயந்திரத்துக்கு வந்த நோய் அதில் பாதிதான். செலவு செய்யும் மனம் அங்கே வற்றிப்போயிருந்தது. மிஞ்சியவை இப்போது நான்காவது, ஐந்தாவது கைகளில் இருக்கின்றன. பள்ளி ஆசிரியர், ஓய்வு பெற்ற மின்பணியாளர், சிறுவயதில் தெருவில் இந்தக் காரைப் பார்த்து நின்ற பையன் என்று இவர்களில் பலரும் சாதாரண வருமானக்காரர்கள். அன்று இந்தக் காரின் ஷோரூமுக்குள் நுழைந்திருக்கவே தயங்கியிருப்பார்கள். இவர்களுக்கு இந்தக் காரைத் தெரியும். பாகம் பாகமாகத் தெரியும். முதல் சொந்தக்காரர்கள் அனுபவித்ததைவிட இது மேலான உடைமை என்று நான் நினைக்கிறேன்.

அந்த அறிவு சும்மா வருவதில்லை. முதல் பாடம் பெரும்பாலும் ஒரு சொட்டு எண்ணெயாக மேலேயிருந்து விழும். முன்கண்ணாடிச் சட்டத்துக்குள், கூரையைப் பூட்டும் கொக்கிகளை இயக்கும் சிலிண்டர்கள் இரண்டு உண்டு. அவற்றுக்குள் இருக்கும் சீல்கள் வெயிலிலும் வயதிலும் உதிர்ந்துபோகும். அழுத்தத்தில் இருக்கும் ஹைட்ராலிக் எண்ணெய் வழி தேடிக் கசிந்து, வெயில் மறைப்புத் தட்டை நனைத்து, ஓட்டுபவர் தலையிலோ மடியிலோ இறங்கும். இந்த மாடலை வைத்திருப்பவர்கள் அத்தனை பேருக்கும் பழக்கமான கசிவு இது. புது சிலிண்டர் வாங்கினால் ஒவ்வொன்றும் நல்ல விலை. அதனால் ஒரு மாற்று வழி உருவாயிற்று: சொந்தக்காரரே சிலிண்டரைக் கழற்றி, இந்த வேலையை மட்டுமே செய்யும் சிறு பட்டறைக்குப் பார்சலில் அனுப்புகிறார். அவர்கள் அதைப் பிரித்து, முன்னைவிட உறுதியான பொருளில் செய்த சீல்களைப் போட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். அப்படிச் சரிசெய்த சிலிண்டர் ஆலையிலிருந்து வந்ததைவிட நீண்ட நாள் உழைக்கும்.

இரண்டு சிலிண்டர் ஒழுகினால் மற்றவை வரிசையில் நிற்கின்றன என்று பொருள். எல்லாம் ஒரே வயது. அனுபவசாலிகள் ஒன்று போனதுமே முழுத் தொகுப்பையும் கழற்றிவிடுவார்கள். குழாய்களுக்குச் சீட்டு ஒட்டி, எது எங்கிருந்து வந்தது என்று படம் எடுத்து வைத்துக்கொண்டு, உள் அலங்காரத் துணியைக் கிழியாமல் விலக்கி, கைக்கு எட்டாத இடங்களில் விரல் நுனியால் திருகைத் தேடுவது ஒரு வார இறுதியை முழுசாக விழுங்கும் வேலை. அதை முடித்து, டிக்கியில் உள்ள பம்புக்கு எண்ணெய் நிரப்பி, ஸ்விட்ச்சை இழுத்து, கூரை தயங்காமல் எழுந்து மடிவதைப் பார்க்கும் நிமிடத்தில் அவருக்கு வரும் மகிழ்ச்சி, 1989-இல் காசோலை எழுதிக் கொடுத்தவருக்கு வந்திருக்க முடியாது.

கூரை பாதியில் நின்றுவிடுவது இன்னொரு சோதனை. இத்தனை அசைவுகளும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டும். ஒரு படி முடிந்தது என்று அதற்கான சிறு ஸ்விட்ச் தகவல் தராவிட்டால் கட்டுப்பாட்டுப் பெட்டி அடுத்த படிக்குப் போகாது. பாட்டரி சற்றுச் சோர்ந்திருந்தாலும் இதே கதைதான். மூடி மேலே நிமிர்ந்தபடி, துணி வானத்தைப் பார்த்தபடி, கார் நடுத்தெருவில் நிற்கும். அந்த நேரம் மழைத் தூறல் விழுந்தால் சொந்தக்காரரின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும். கையால் மூடுவதற்கும் வழி உண்டு. கையேட்டில் படிப்படியாகப் போட்டிருக்கிறது. அந்தப் பக்கங்களை வீட்டிலேயே ஒருமுறை செய்து பார்த்துப் பழகிக்கொள்ளாதவர் மழைநாளில் அதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். இந்த மாடலில் வண்டி நின்றிருக்கும்போது மட்டும்தான் கூரை அசையும் என்பதால், மேகம் கறுத்ததுமே ஒதுங்க இடம் பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடுகிறது.

துணிக்கும் அதற்குரிய கவனிப்பு உண்டு. பின்பக்க ஜன்னல்கள் வளையக்கூடிய பிளாஸ்டிக்கால் ஆனவை. வெயில் பட்டுப் பட்டு மஞ்சளாகும். கடுங்குளிரில் விறைத்திருக்கும்போது மடித்தால் விரிசல் விடும். ஈரத்தோடு மடித்து உள்ளே வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் மழையில் நனைந்து வீடு வந்தவர் கூரையை விரித்தபடியே வைத்து, துடைத்து, காயவிட்டுத்தான் உறங்கப் போவார். முதல் சொந்தக்காரர் வீட்டில் இதைச் செய்ய யாராவது இருந்திருப்பார்கள், அல்லது யாரும் செய்யாமலே விட்டிருப்பார்கள். இன்று துணியின் மடிப்பு ஓரங்களைப் பார்த்தே பழைய உடைமையாளர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுகிறார்கள்.

எஞ்சின் பக்கம் வந்தால் வலுவும் வலியும் சேர்ந்தே இருக்கின்றன. 500எஸ்எல்லின் வி-8 அன்று 326 குதிரைத் திறன் தந்தது. வேகத்தை மணிக்கு 250 கிலோமீட்டரில் செயற்கையாகத் தடுத்து வைத்தார்கள். ஒழுங்காக எண்ணெய் மாற்றி வந்தால் அந்த எஞ்சினின் உலோகப் பாகங்கள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் தாங்கும். அதைச் சுற்றி ஓடும் வயர்கள் தாங்கவில்லை. 1990-களின் முற்பாதியில் தயாரான பல வண்டிகளில், சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் காலப்போக்கில் மக்கிப்போகட்டும் என்ற நல்ல எண்ணத்தோடு ஒரு புதிய இன்சுலேஷனை வயர்களுக்குப் போட்டார்கள். எஞ்சின் சூட்டில் அது கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே மக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் தொட்டால் அப்பளம்போல் உடைந்து உதிரும். உள்ளே செம்புக் கம்பிகள் ஒன்றோடொன்று உரசி, எஞ்சின் தடுமாறும். விலை உயர்ந்த மின்னணுப் பெட்டிகளும் சேர்ந்து போகும். நோக்கம் நல்லதாக இருந்தும் விளைவு இப்படியானது. முழு வயர்த் தொகுப்பையும் மாற்றுவதுதான் தீர்வு. தொகுப்பில் தயாரிப்புத் தேதிச் சீட்டு ஒன்று இருக்கும். வாங்க வருகிறவர்கள் பானெட்டைத் திறந்ததும் முதலில் தேடுவது அந்தச் சீட்டைத்தான்.

நோயைக் கண்டுபிடிக்கும் முறையும் இப்போது தனிக் கலையாகிவிட்டது. இன்றைய காரில் ஒரு கருவியைச் செருகினால் திரையில் எழுத்தாக விவரம் வரும். தொடக்க கால ஆர்129-இல் பழுது எண்ணை ஒரு சிறு விளக்கின் மினுக்கலாகத்தான் வாங்க வேண்டும். பொத்தானைச் சில நொடி அழுத்திவிட்டு, விளக்கு எத்தனை முறை மினுங்குகிறது என்று எண்ணி, பட்டியலில் அதற்கு நேராக உள்ள பழுதைப் பார்க்க வேண்டும். இடையில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தவறும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆரம்ப வண்டிகளின் கேஇ-ஜெட்ரானிக் எரிபொருள் அமைப்பு பாதி இயந்திரம், பாதி மின்னணு. அதை அழுத்தமானி வைத்துச் சரிசெய்யத் தெரிந்த கைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. பள்ளியில் படித்துவிட்டு வரும் இளம் மெக்கானிக்குகள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் அவர்கள் கையில் இந்த அமைப்பு ஒருபோதும் பட்டதில்லை.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். இந்த மாதிரிக் காரின் விற்பனை விலை இறங்கும். பராமரிப்பு விலை இறங்காது. ஒரு புதிய சிறு காரின் விலைக்கும் கீழே ஆர்129 கிடைத்த காலம் உண்டு. ஆனால் அதன் உதிரிபாகங்கள், அது புதிதாக இருந்தபோது எந்த வகுப்பைச் சேர்ந்ததோ அந்த வகுப்பின் விலையிலேயே நிற்கின்றன, சில ஏறிவிட்டன. பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் கொண்ட 600எஸ்எல்லில் பல பாகங்கள் இரட்டையாக இருப்பதால் செலவும் இரட்டை. மலிவாகக் கிடைத்த பன்னிரண்டு சிலிண்டர் வண்டியால் கடனில் விழுந்தவர்கள் உண்டு. லிட்டருக்கு ஏழெட்டு கிலோமீட்டர் ஓடும் காருக்குப் பெட்ரோல் செலவே அதிகம் என்பார்கள். மொத்தக் கணக்கில் பெட்ரோல் சிறு தொகை. வாங்கும் விலையைப்போல இன்னொரு பங்கைத் தனியே ஒதுக்கி வைக்க முடியாதவர் இந்தக் காரிடம் போகாமலிருப்பதே நல்லது. இதை அன்போடுதான் சொல்கிறேன். பாதியில் கைவிட்டால் காருக்கும் துயரம், வாங்கியவருக்கும் துயரம்.

இத்தனைக்கும் எதற்காக வைத்திருக்கிறார்கள்? தென்மேற்கு ஜெர்மனியில் பாடன்-பாடனிலிருந்து ஃபிராய்டன்ஷ்டாட் வரை கருங்காட்டு மலைமுகட்டின் மேலாக ஒரு நெடுஞ்சாலை போகிறது. பி500 என்பது அதன் எண். ஒரு மே மாதக் காலையில் நண்பர் ஒருவரின் ஆர்129-இல் அந்தச் சாலையில் போயிருக்கிறேன். ஜெர்மனியில் குடியேறி நெடுங்காலமாகிவிட்ட மதுரைக்காரர் அவர். வெயிலுக்கு நிழல் தேடி ஒதுங்கியே வளர்ந்த எனக்கு, கூரையைத் திறந்துகொண்டு ஊர் சுற்றும் ஆசை அதுவரை விளங்கியதில்லை. ஆறு மாதம் சாம்பல் நிற வானத்தின் கீழே இருந்துவிட்டு வரும் முதல் வெயிலைத் தோளில் வாங்கும்போதுதான் விளங்கியது. “ஜாக்கெட்டை நல்லா இழுத்துப் போட்டுக்கங்க அண்ணே, ஹீட்டரும் போடுறேன். கால் சூடா இருக்கும், தலை ஜில்லுனு இருக்கும், அதுதான் சுகம்” என்றார். அப்படித்தான் இருந்தது.

மூடிய காரில் கண்ணாடிக்கு அப்பால் ஓடும் காட்சியாக இருப்பது, திறந்த காரில் மூக்குக்கும் காதுக்கும் வருகிறது. ஊசியிலை மரங்களின் பிசின் வாசனை, பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் ஈரம், வெட்டிப்போட்ட மரத்தின் நெடி. நிழலுக்குள் நுழையும் ஒவ்வொரு வளைவிலும் காற்று ஒரு பிடி குளிர்ந்தது. வெளியே வந்ததும் முகத்தில் வெதுவெதுப்பு. அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் அந்த வி-8 ஏறக்குறைய மௌனமாக இருந்தது. ஏற்றத்தில் மட்டும் அடித்தொண்டையில் ஒரு குரல் கொடுத்தது. இந்தக் கார் கொஞ்சம் கனமானது. ஸ்டியரிங்கில் அவசரம் இல்லை. அதுவே நன்றாக இருந்தது. எதிரே வந்த சைக்கிள்காரர் ஒருவர் கையை உயர்த்திப் புன்னகைத்தார். விலை உயர்ந்த புதிய காருக்கு அந்தப் புன்னகை எளிதில் கிடைக்காது. வயதான காருக்குக் கிடைக்கிறது, ஏனென்றால் அதை யாரோ பாடுபட்டு ஓட வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பவருக்குத் தெரிகிறது.

அந்தச் சுகத்துக்குக் காலவரையறை உண்டு, ஜெர்மனியில் அது நம்பர் பிளேட்டிலேயே எழுதியிருக்கும். பருவகால எண் தகடு என்று 1997-இல் ஒரு முறை கொண்டுவந்தார்கள். தகட்டின் வலது ஓரத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு மாத எண்கள்: மேலே 04, கீழே 10 என்றிருந்தால் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. அந்த மாதங்களுக்கு மட்டும் வரியும் காப்பீடும் கட்டினால் போதும். மற்ற மாதங்களில் பொதுச் சாலையில் நிறுத்திக்கூட வைக்கக் கூடாது. அன்றைய உடைமையாளர் பனிக்காலத்தில் அலுமினியக் கடினக் கூரையை மாட்டிக்கொண்டு ஆண்டு முழுக்க ஓட்டினார். முப்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்தக் கூரையை ஏற்றி இறக்க இரண்டு பேர் வேண்டும். இன்று அது பெரும்பாலான வீடுகளில் கராஜின் உத்தரத்தில் கப்பி போட்டுத் தொங்குகிறது. சாலையில் தூவும் உப்பு இரும்பைத் தின்னும் என்பதால் குளிர்காலத்தில் காரை வெளியே எடுப்பதே இல்லை. நான்கைந்து மாதம் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கோடையில் தள்ளிப்போட்ட வேலைகளை ஒவ்வொன்றாக முடிக்கிறார்கள். பலர் இந்தக் குளிர்கால வேலையை ஓட்டுவதற்குச் சமமாகவே விரும்புகிறார்கள்.

முப்பது வயது நிறைந்து, அசல் நிலையில் நன்றாகவும் இருக்கும் வாகனத்துக்கு ஜெர்மன் அரசு தகட்டின் முடிவில் எச் என்ற எழுத்தைத் தருகிறது. பழம்பெரும் வாகனம் என்பதற்கான அடையாளம் அது. எஞ்சின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஆண்டு வரி ஏறக்குறைய 191 யூரோ. நகரங்களின் மாசுத் தடுப்பு மண்டலங்களுக்குள்ளும் போகலாம். முதல் ஆர்129 வண்டிகளுக்கு 2019-இல் இந்த எழுத்து வாய்த்தது. கடைசி வண்டிகளுக்கு 2031-இல் வாய்க்கும். பழைய கார் என்று ஒதுக்கியவர்கள் இதற்குப் பிறகு மறுபடி திரும்பிப் பார்க்கிறார்கள். நல்ல நிலையில் உள்ளவற்றின் விலையும் ஏறத் தொடங்கியது. இதில் எனக்கு முழு மகிழ்ச்சி இல்லை. கார் காப்பாற்றப்படும் என்பது நல்ல செய்தி. ஆனால் முதலீடாக வாங்கிப் போர்வை போட்டு மூடி வைப்பவர்கள் கைக்குப் போனால் இது கெட்டுப்போகும். ஓடாமல் நிற்கும் காரில் சீல்கள் காய்கின்றன, பெட்ரோல் பிசினாகிறது. இந்த வண்டியை ஓட்டித்தான் காப்பாற்ற முடியும்.

இதன் வாரிசுகளின் கதையையும் பார்க்க வேண்டும். 2001-இல் வந்த அடுத்த எஸ்எல், துணியைக் கைவிட்டு மடியும் உலோகக் கூரைக்குப் போனது. கூரை திறக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சஸ்பென்ஷனுக்குள்ளும் உயர் அழுத்த ஹைட்ராலிக் புகுந்தது, பிரேக்கும் மின்னணு வழியே இயங்கியது. அந்தத் தலைமுறையின் வயதான வண்டிகளை வீட்டுக் கராஜில் வைத்துப் பார்த்துக்கொள்வது ஆர்129-ஐவிடப் பல மடங்கு கடினம். பிறகு 2021-இல் அறிமுகமான எஸ்எல் மறுபடி துணிக் கூரைக்கே திரும்பியது. இப்போது அது பதினைந்து நொடியில், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே திறக்கிறது. தொடுதிரையில் விரல் வைத்தால் போதும். முப்பது வருடம் கழித்து அந்தத் தொடுதிரையை எந்தப் பட்டறைக்குப் பார்சலில் அனுப்புவது என்று நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஸ்பானரும் பொறுமையும் இருந்தால் ஒரு தனி மனிதர் இன்னும் உயிரோடு வைத்திருக்கக்கூடிய கடைசிச் சொகுசுத் திறந்த கார்களில் ஆர்129 ஒன்று என்பது என் கணிப்பு.

கம்பெனியும் பழையவற்றை அடியோடு மறக்கவில்லை. ஸ்டுட்கார்ட்டை அடுத்த ஃபெல்பாக்கில் பழைய வாகனங்களுக்கென்றே ஒரு மையம் 1993 முதல் இயங்குகிறது. ஆனாலும் உட்பக்க பிளாஸ்டிக் துண்டுகள், குறிப்பிட்ட நிறத்துத் தோல், சில மின்னணுப் பெட்டிகள் என்று ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து மறைகின்றன. அப்போது விபத்தில் சிக்கிய இன்னொரு வண்டியைத் தேடிப் போக வேண்டும். ஒரு கார் இறந்து நாலைந்து கார்களுக்கு உறுப்புக் கொடுக்கிறது. இந்தக் காரின் உடைமையாளர் சங்கங்களில் ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராதவர்கள்கூட, தன்னிடம் இருக்கும் ஒரே உபரி ஸ்விட்ச்சை அடுத்தவருக்கு அடக்க விலைக்கே அனுப்பிவைக்கிறார்கள். ஒப்பந்தத் தாளைக் கைமாற்றி லாபம் பார்த்த 1990-ஐ நினைத்துப் பார்த்தால் இந்த மாற்றம் எனக்கு நெகிழ்ச்சி தருகிறது.

இன்று ஒருவர் இந்தக் காரை வாங்கப் போகிறார் என்றால் அவர் போகும் இடம் ஷோரூம் இல்லை. புறநகர் வீடு ஒன்றின் கராஜ். எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போவது நல்லது, குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். போனதும் வெயில் மறைப்புத் தட்டின் ஓரத்தை விரலால் தடவி, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூரையை ஒருமுறை திறந்து மூடினால் போதாது. மறுமுறையும் செய்யச் சொல்ல வேண்டும். பின் வளைவை அதற்குரிய ஸ்விட்ச்சால் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். வயர்த் தொகுப்பின் தேதிச் சீட்டைப் படிக்க வேண்டும். ரசீதுகள் அடங்கிய கோப்பை அவசரமில்லாமல் புரட்ட வேண்டும். கோப்பு தடிமனாக இருந்தால் விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. எல்லாம் பிடித்துப்போனால், விலை பேசத் தொடங்குவதற்கு முன்பே, இத்தனை நாள் இந்தக் காரைப் பார்த்துவந்த மெக்கானிக் யார், இன்னும் வேலை செய்கிறாரா என்று கேட்டு அவருடைய எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.